மலை இடப்பக்கம் இருந்த மாலை

மாலை மணி நான்கு இருபது. சனிக்கிழமை, பௌர்ணமி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டு வாசலில், நீர்மோர்ப் பந்தலின் கீழே நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மகள் நித்யா, "அம்மா, கொஞ்சம் உள்ள வா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கூச்சல் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நிறைமாதம். இன்னொரு கை அடிவயிற்றில், பழைய ஆபரேஷன் தழும்பின் மேல் இருந்தது.

"மத்தியானத்துலேர்ந்தே லேசா வலிச்சுது. சூட்டு வலினு நெனச்சேன். இப்ப விடவே மாட்டேங்குதும்மா. இந்த எடத்துலயே புடிச்சு இழுக்குது."

தரையைப் பார்த்தேன். அவள் பாதத்தின் அருகே ரத்தம் சொட்டியிருந்தது.

அன்பர்களே, நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் நாள் முழுவதும் பேசுகிறவள். ஆனால் இதை மட்டும் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். நம் சத்சங்கத்தில் இதைக் கேட்டவர்கள், "எழுதிக் குடுங்க டீச்சர், படிக்கிற நாலு பேருக்குத் தெம்பா இருக்கும்" என்று சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நித்யாவுக்கு மூத்த பெண் பிறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதுவும் ஆபரேஷன்தான். இரண்டாவது தங்கியது தெரிந்ததுமே டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "பழைய தையல் நல்லா ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்திருக்கு. இதையும் ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். நான் சொல்ற தேதிக்கு முன்னாடி வலி வந்துச்சுனா, விட்டுடும் விட்டுடும்னு வீட்ல ஒக்காந்து பாக்காதீங்க. கர்ப்பப்பையில அந்தத் தையல் எடம் பிரிஞ்சுடும். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

இன்னொன்றும் சொன்னார். பௌர்ணமிக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள், அதனால் முதல் நாள் வெள்ளிக்கிழமையே செங்கம் ரோட்டுப் பக்கம் வந்து தங்கிவிடுங்கள் என்றார். மருத்துவமனைக்கு எதிரிலேயே ஓர் அறைக்குச் சொல்லியும் வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் பை எல்லாம் கட்டியாயிற்று. அப்போது என் நாத்தனார் போன் செய்தார்.

"என்ன அண்ணி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொண்ண வீட்ட விட்டு அனுப்புறீங்களா? மகாலட்சுமிய வெளிய அனுப்புற மாதிரி இல்லையா?"

எங்கள் குடும்பத்தில் வெள்ளிக்கிழமை மகளை வாசல் தாண்டி அனுப்புவது கிடையாது. மாமியார் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தாலும் சனிக்கிழமைதான். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை பௌர்ணமிக் கூட்டம். சரி, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வடிந்ததும் போகலாம் என்று என் கணவர் சொன்னார். அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நானும் தலையாட்டினேன். கட்டிய பை கட்டியபடியே இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ரத்தம் என்று சொன்னதுமே, "எல்லாம் ரெடி பண்றேன். ஒடனே கூட்டிட்டு வாங்க. நிக்கக் கூடாது" என்றார். ஆம்புலன்சுக்கு அழைத்தோம். செங்கம் ரோட்டு முனையில் வண்டி இருக்கிறது, ஆனால் கூட்டத்துக்குள் நுழைந்து உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிப் போக நேரமாகிவிடும், எப்படியாவது முனை வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வாசலில் ரோடே தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன.

வெளியூர் அன்பர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிரிவலம் வருகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்து நடப்பார்கள். கோபுரத்தில் தொடங்கி, செங்கம் ரோடு வந்து, அங்கே திரும்பி எங்கள் ஊர் வழியாகப் போய், வடக்கே சுற்றித் திரும்பவும் டவுனுக்குள் நுழைவார்கள். மருத்துவமனை செங்கம் ரோட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கூட்டத்தோடு போனால் மலையைப் பாதிக்கு மேல் சுற்ற வேண்டும். கூட்டத்துக்கு எதிரே போனால் மூன்று நான்கு கிலோமீட்டரில் செங்கம் ரோட்டு முனை.

ஆனால் பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் யாரும் எதிர்ச்சுற்று போவதில்லை. மற்ற நாட்களில் எல்லாப் பக்கமும் வண்டி ஓட்டுவோம். பௌர்ணமி அன்று மட்டும், பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போனாலும் கூட்டத்தோடு போய், பின்பக்கம் வயல் வரப்பில் இறங்கி வீட்டுக்கு வருவோம். சின்ன வயதிலிருந்து கால் அப்படிப் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டு சேகர் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். நித்யாவை ஏற்றிப் படுக்க வைத்தோம். வண்டியின் முகத்தைத் திருப்பும்போது அவர் தயங்கினார்.

"டீச்சர், போலீஸ் புடிச்சா புடிக்கட்டும், அது பரவால்ல. ஆனா எதிர்லயா? நெறமாசப் பொண்ண வச்சுகினு, பௌர்ணமி அன்னிக்கு?"

என் கணவர் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் மலையைத்தான் பார்த்தேன். அந்த நேரத்தில்கூட நாங்கள் மூன்று பெரியவர்கள் திசை பார்த்துக்கொண்டு நின்றோம்.

நித்யாதான் பேசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வந்தாலும் பெத்தவன் தூக்கிப்பான். வண்டிய எடு சேகர்ணா."

நான் அவளோடு ஏறிக்கொண்டேன், என் கணவர் பேத்தியோடு வீட்டில் நின்றுகொண்டார், சேகர் வண்டியை எடுத்துவிட்டார்.

பத்து அடி போவதற்குள் நின்றுவிட்டது. எதிரே சுவர் மாதிரி ஜனம். ஹாரன் அடித்தால் யாருக்கும் கேட்கவில்லை. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. நான் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தேன். செருப்பு போட்டுக்கொள்ளக்கூட நினைவில்லை. "வழி விடுங்க, பிரசவ வலி, வழி விடுங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒருவர் என் தோளில் இடித்துக்கொண்டு போனார். "ஏம்மா, ஊரே ஒரு பக்கம் போவுது, நீ மட்டும் எதிர்ல வர்றியே, எங்கருந்து வர்ற?" என்றார். மக்காச்சோளம் வேகவைத்து விற்கிறவர் தள்ளுவண்டியை நகர்த்த முடியாமல், "அடுப்பு எரியுதுக்கா, சாஞ்சா நாலு பேர் வெந்துடுவாங்க, இருங்கக்கா, இருங்கக்கா" என்று கெஞ்சினார். வழியிலிருந்த மருத்துவ முகாமிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து நித்யாவைப் பார்த்தார். "இங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நிக்காதீங்க. போய்க்கினே இருங்க" என்றார். எங்கே போவது.

திரும்பிப் பார்த்தேன். நித்யாவின் முகத்தில் நிறம் போய்விட்டது. கண் பாதி மூடியிருந்தது. அப்போது என் இடப்பக்கம் மலை தெரிந்தது. ஐம்பது வருடமாக இந்த மலையைச் சுற்றுகிறவள் நான். என் வலப்பக்கத்தில் பார்த்தே பழகிய மலை. பௌர்ணமி அன்று ஒரு நாளும் அதை இடப்பக்கம் வைத்து நடந்ததில்லை. உடம்பெல்லாம் கூசியது.

அங்கேயே கைகூப்பினேன். பெரிய பிரார்த்தனை எல்லாம் வரவில்லை. "அப்பா, அருணாசலா, இன்னிக்கு உன்னைத் தப்பா சுத்துறேன். இதுல குத்தம் இருந்தா என்கிட்ட கேளு. வண்டியில இருக்கிற ரெண்டு உயிரையும் விட்டுடு. எனக்கு வழி தெரியல. நீ காட்டு." அவ்வளவுதான். அழுதுகொண்டே சொன்னேன்.

அடுத்த நொடி நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, "அண்ணாமலையாருக்கு" என்று குரல் கொடுத்தேன்.

"அரோகரா" என்று நூறு குரல் பதில் சொன்னது.

பிரசவ வலி என்று கத்தியபோது திரும்பாத தலையெல்லாம் திரும்பியது. அந்த அழைப்புக்குப் பதில் சொல்லாமல் கிரிவலத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். பதில் சொன்னவர்கள் யார் அழைத்தது என்று பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள், உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்தார்கள். ஓரமாக ஒதுங்கினார்கள். சேகர் வண்டியை உருட்டினார். கொஞ்ச தூரம் போனதும் திரும்ப அடைத்துக்கொண்டது. திரும்பவும் குரல் கொடுத்தேன். திரும்பவும் அரோகரா. திரும்பவும் கொஞ்ச தூரம். என் தொண்டை கிழிந்துவிட்டது. நான்காவது ஐந்தாவது முறை காற்றுதான் வந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மஞ்சள் புடவை கட்டிய பெண்கள், இருபது பேருக்கு மேல் இருக்கும். ஆந்திரப் பக்கத்திலிருந்து கிரிவலம் வருகிற குழுக்கள் கூட்டத்தில் பிரிந்துவிடாமல் இருக்க ஒரு நீளமான நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு குழு. முன்னால் வந்த அம்மாவுக்கு என் வயதிருக்கும். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நொப்புலா?" என்று கேட்டார். வலியா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. "முதல்ல ஆபரேஷன் பண்ண வயிறும்மா, ரத்தம் போவுது" என்றேன்.

அவர் கூட வந்தவர்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். ஒரு பெண் தயங்குவது தெரிந்தது. வந்த வழியைக் கை காட்டி ஏதோ கேட்டாள். அந்த அம்மா அவள் கையிலிருந்த கயிற்றை உருவி, வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அவ்வளவுதான், எல்லோரும் திரும்பிவிட்டார்கள். வண்டிக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். கயிறு இரண்டு பக்கமும் வேலி போல ஆகிவிட்டது. மதியம் கோபுரத்தில் தொடங்கி, சித்திரை வெயிலில் வெறுங்காலில் இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள், எனக்காக எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார்கள்.

"ஜரகண்டி, ஜரகண்டி" என்று நகரச் சொல்லி அவர்கள் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி தோற்றது. கூட்டத்தில் யாரோ, "ஏய், திருப்பதியே இங்க வந்துடுச்சுடா, ஒதுங்குடா" என்றார். சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். வழியிலிருந்த இன்னொரு சோளக்காரர் தன் வண்டியை நாலு பேரை வைத்துத் தூக்கி ஓரமாக வைத்தார். அந்த அம்மா நடந்துகொண்டே ஆட்டோவுக்குள் கையை விட்டு நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏமி காது தல்லி, ஒண்ணும் ஆவாது, கண்ண மூடாத, என்னப் பாரு" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

முனையில் ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லி, போலீசார் தடுப்பை நகர்த்தித் தயாராக நின்றார்கள். ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. நித்யாவை மாற்றினார்கள். நானும் ஏறினேன். கதவு மூடிவிட்டது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் சத்தம். "யாருங்க கூட வந்தது, கையெழுத்து போடுங்க" என்ற குரல். என் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். கால் எரிந்தது, அப்போதுதான் பாதம் முழுக்கக் கொப்புளம் என்று தெரிந்தது. மருமகன் பிரகாஷ் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். போனில், "அத்தை, அவகிட்ட குடுங்க" என்றார். "உள்ள இருக்காப்பா" என்று மட்டும் சொன்னேன்.  இரண்டு பேரும் போனைத் துண்டிக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தோம்.

தெருவிளக்கு போடும் நேரம். உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு உயிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குழந்தை அழுகிறது, என் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று யாரைக் கேட்பது. அந்த நேரம்தான் எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. "அப்பா, பாதி குடுத்துட்டு பாதி எடுத்துக்காத" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"பொண்ணு. நல்லா இருக்கா. நித்யாவும் நல்லா இருக்கா, பயப்படாதீங்க. பழைய தையல் எடம் காகிதம் மாதிரி ஆகிப்போச்சும்மா. ஒரு ஓரம் பிரிய ஆரம்பிச்சிருந்துச்சு. அது வழியா குழந்தையோட முடியே தெரிஞ்சுது. கொஞ்சம் லேட் ஆகியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இந்தப் பௌர்ணமிக் கூட்டத்துல எப்படி வந்தீங்க?"

 அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இன்னொரு கையால் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அன்பர்களே, இந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் மாறியது இரண்டு. உயிர் விஷயத்தில் நான் இனி நாள் பார்ப்பதில்லை. எல்லா வெள்ளியும் அவருடைய வெள்ளி, எல்லாச் சனியும் அவருடைய சனி. முதல் பிரசவம் ஆபரேஷனில் ஆன பெண் உங்கள் வீட்டில் இரண்டாவதற்கு நிறைமாதமாக இருந்தால், டாக்டர் சொன்ன நாளில் கிளம்பிவிடுங்கள். வலி வந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். சாமி காப்பாற்றுவார் என்று உட்கார்ந்திருப்பது பக்தி இல்லை என்று எனக்கு அன்று புரிந்தது. அவர் வழி விடுகிறவர். வழியில் இறங்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்று, பயம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் ஆட்டோ ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறேன். பேத்தி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன். ஆனால் முன்பெல்லாம் நான் சாமியிடம் பேரம் பேசுவேன். இதைச் செய்தால் அதைச் செய்கிறேன் என்பேன். அன்று எனக்குக் கொடுக்க எதுவும் இல்லை. தப்பான திசையில் நின்று வெறுங்கையோடு கேட்டேன். கொடுத்தார். அதனால் சொல்கிறேன், உங்களுக்கு இப்போது என்ன கஷ்டம் இருந்தாலும், முறை தவறிவிட்டது, விரதம் விட்டுப்போயிற்று, நான் எந்த முகத்தோடு கேட்பது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து கூப்பிடுங்கள். அவர் ஆளை அனுப்புவார். ஆள் எந்த ஊரிலிருந்து, எந்த பாஷை பேசிக்கொண்டு வருவார் என்று மட்டும் நமக்கு முன்கூட்டித் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நித்யாவுக்கு நல்ல நினைவு வந்து, குழந்தைக்குப் பால் கொடுத்திருந்தாள். பிரகாஷ் இட்லி வாங்கப் போயிருந்தார். அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். நேற்று நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த அம்மா. நெற்றி நிறைய விபூதி. கால் வீங்கியிருந்தது. மஞ்சள் புடவையில் கீழே எல்லாம் புழுதி. முனையில் சேகரிடம் மருத்துவமனையைக் கேட்டு வைத்திருந்தாராம். பெயர் ரத்னம்மா, சித்தூர்ப் பக்கம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்வதற்கு முன்னால் இரவெல்லாம் என்னை உறுத்தியதுதான் வாயில் வந்தது. "எங்களால உங்க சுத்து கெட்டுப்போச்சேம்மா. அவ்ளோ தூரம் வந்துட்டு எதிர்ல நடக்க வச்சுட்டேன்."

அவர் உள்ளே வந்தார். குழந்தையைக் குனிந்து பார்த்தார். தன் நெற்றியிலிருந்த விபூதியை விரலால் தொட்டு அதன் நெற்றியில் வைத்தார். நித்யாவின் கன்னத்தைத் தொட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து, காலை நீவிக்கொண்டே சொன்னார்.

"மறுபடி கோபுரத்துலேர்ந்து ஆரம்பிச்சு முழுசா சுத்திட்டுதான்மா வரோம். நேத்து நடந்த அந்த அரை சுத்து எங்களுக்கு வேணாம், அது பாப்பாவோடது. மிச்ச அரைய, கால் வந்தப்புறம் அவளையே நடந்துக்கச் சொல்லு."